தச்சருக்குக் கொண்டுபோன வெற்றிலை

கொள்ளிடக் கரையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஆட்களை அக்கரை சேர்க்க எங்கள் குடும்பத்துக்கு ஒரு படகு இருக்கிறது. அண்ணன் இன்னும் நான்கு படகு விடப் பார்க்கிறார். நான் கொண்டுபோகும் வெற்றிலை பாக்கைப் படகு கட்டும் தச்சர் வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. பிறகு பின்வாங்க முடியாது. ஆனால் ஆற்றுக்குள் பாலத்தூண்கள் எழும்பி நிற்கின்றன. கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய டீக்கடையில், பால வேலைக் கொத்தனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறேன்.

"பாலம் எப்பங்க முடியும்?"

"அடுத்த அறுப்புக்கு நெல்லு லாரியில போவும் பாருங்க. ஏன், நீங்க படகுக்காரரா?"

"இல்லைங்க, சும்மாதான்."

"அதானே. படகுக்காரன்னா இந்நேரம் என்னைய ஆத்துல தள்ளிருப்பான்."

பஸ் வந்து நிற்கிறது. அண்ணனை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் ஏறவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, முதல் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறேன்.