அரை மணி நேரச் சித்தி

நாலைந்து வருடங்களுக்கு முன், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். என் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க, சிவகாசியில் உள்ள ஒரு பெண்கள் பள்ளிக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போதுதான், வராண்டா பெஞ்சில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். இறுக்கிப் பின்னிய சடை, மடியில் ஒரு மஞ்சள் பை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "யாரோட வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"தனியாத்தான் வந்தேன் அத்தை. எங்க ஊருல எட்டாவது வரைக்கும்தான் இருக்கு."

பக்கத்தில் உள்ள விஸ்வநத்தம் கிராமத்துப் பிள்ளை. அப்பா லோடு லாரியோடு வடக்கே போயிருக்கிறார். அம்மாவுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் போயிருக்கிறார். ஆர்டர் நெருக்குகிற நேரத்தில் எங்கே லீவு கிடைக்கப் போகிறது என்று இந்தப் பிள்ளை தானே முடிவு செய்து, பஸ் ஏறி வந்துவிட்டது. தலைமையாசிரியையோ, அம்மா வந்தால்தான் சேர்ப்பேன் என்று வெளியே உட்கார வைத்துவிட்டார். போன் அடித்துப் பார்த்தும் பலனில்லை. பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"இன்னைக்கு விட்டா எடம் முடிஞ்சிரும்னு சொல்றாக அத்தை. அப்புறம் வீட்டுல இருந்து வெடிக்குக் காகிதக் குழாய்தான் உருட்டணும்" என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அப்படியே கிளம்பிப் போக மனம் வரவில்லை.

"அம்மா, நமக்கு எதுக்கு?" என்று என் மகள் முணுமுணுத்தாள். நான் கேட்டால்தானே? அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

"டீச்சர், இது எங்க அக்கா மக. நான் இவளுக்குச் சித்தி."

தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த தாயி ஒரு நாள் லீவு போட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்.

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நாங்கள் பலசரக்குக் கடைக்காரர்கள். சரக்கு நகரவில்லை என்றால் ரெண்டு வார்த்தை கூட்டிச் சொல்வது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கம் அங்கேயும் தலையை நீட்டியது.

"அவளுக்குப் புள்ள படிப்புல அக்கறையே கெடையாது டீச்சர். வாரச் சம்பளம்தான் பெருசு. நீங்களும் கைவிட்டா இவ கதி அம்புட்டுத்தான்" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கூச்சப்படுகிறது போல என்று நினைத்து, அதன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

சொன்னது நன்றாகவே வேலை செய்தது. தலைமையாசிரியையின் முகம் இளகிவிட்டது. "பெத்தவுகளே இப்படி இருந்தா பாவம், புள்ள என்ன செய்யும்?" என்று பெருமூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டார்.

எதையோ சாதித்த மிதப்பில் வெளியே வந்தேன். கதவை ஒட்டி, சுவரில் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கழுவியும் போகாத பட்டாசின் வெள்ளி மருந்து நகக்கண்ணில் மின்னியது.

"அம்மா" என்றது பிள்ளை.

போர்மேனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அந்த நேரத்துக்குப் பஸ் இல்லாததால் நடந்தே வந்திருக்கிறார். அவர் நின்ற இடத்தில் உள்ளே பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எடம் கெடைச்சிருச்சா?" என்று மகளிடம் கேட்டார். கிடைத்துவிட்டது என்றதும், தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

"வாங்க, நான் உள்ள வந்து உண்மையைச் சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம்க்கா. இப்பப் போயி உண்மையச் சொன்னா, நீங்க சித்தின்னு சொன்னது பொய்யாயிரும். குடுத்த எடத்தை இல்லேன்னுட்டாகன்னா? என்னைய என்ன வேணாலும் நெனச்சுக்கிடட்டும், அவ படிச்சாப் போதும்."

ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளையோடு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

சில நாள் கழித்து, எப்படியாவது சொல்லிவிடுவது என்று தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, பக்கத்தில் இருந்த ஆசிரியைகளிடம் என்னைக் காட்டி, "இவுக மாதிரி ஒரு சித்தி இருக்கவும் அந்தப் புள்ள தப்பிச்சுச்சு" என்று பாராட்டினார். எப்போதும் சும்மா இருக்காத என் வாய், திறக்க வேண்டிய அந்த நேரத்தில் மூடிக்கொண்டது. பிறகு வந்த பெற்றோர் கூட்டங்களுக்கு அந்தத் தாய் ஒன்றுக்குக்கூட வரவில்லை.

அந்தப் பிள்ளை நன்றாகப் படித்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று, "உங்க பாடு வீண் போகலை" என்று தலைமையாசிரியை வாழ்த்துச் சொன்னது எனக்குத்தான், பெற்றவருக்கு இல்லை. கெஞ்சி லீவு வாங்கி, வெயிலில் நடந்து வந்த ஒரு தாயை அந்தப் பள்ளிக்கூடம் அக்கறை இல்லாதவள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி நினைக்க வைத்தது நான்தான் என்பது, யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது.