ஆயுத பூஜைக்குக் கழற்றிய இரண்டு திரைகள்

ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்கள் முதலாளிக்கு அச்சகத்தில் ஒரு திருகாணிகூடத் தூசியோடு இருக்கக்கூடாது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டின் பின்சந்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் கடை அது. எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வாங்க வைத்தவள் நான். தமிழில் எழுத்துக்கோக்க புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்குள் தமிழ் ஒழுங்காக வராவிட்டால் மெஷினை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கொடுத்துவிட்டால் நான் பழையபடி டைப்ரைட்டர் முன்னால் உட்கார வேண்டியதுதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்பிளே கார்டுகள், வெளியே இரண்டு திரைகள். பச்சைத் திரையில் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். என் புரோகிராம் வரிகள் அதில் ஓடும். படம் வரையக் கலர் திரை. எனக்குத் தமிழ் எழுத்தும் படம்தான், புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தேன். 'ழ'வின் வால் மட்டும் கீழ்வரியில் போய் இடித்து என் உயிரை வாங்கியது. பூஜைக்கு முதல் நாள்தான் அது ஒருவழியாகச் சரியானது. முதலாளியிடம் காட்டுவதற்குள் அவர் துணியும் கையுமாக வந்துவிட்டார்.

எல்லா வயரையும் பிடுங்கி, துடைத்து, இரண்டு திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். மெஷினை யார் ஆசீர்வதித்தால் என்ன, ஓடினால் சரி என்பது என் கட்சி. வயரை மட்டும் நானே வந்து மாட்டுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்குவது அங்கே வழக்கம். பூன் லேயில் என் வீட்டருகே நான் ஏறிய பஸ் அன்று பார்த்து வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்குமா? நான் கடைக்குள் நுழைந்தபோது முதலாளி வயர்களை மாட்டி சுவிட்சையும் போட்டுவிட்டார்.

பச்சைத் திரை கீச்சென்று கத்தியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, வயர்களை மாற்றி மாட்டியிருக்கிறார். கார்டுகளின் பின்பக்கம் இரண்டு சாக்கெட்டும் ஒரே அச்சு. எதை எதில் சொருகினாலும் உட்காரும். ஆனால் பச்சைத் திரையைக் கலர் கார்டில் மாட்டினால் திரை கருகிவிடும் என்று விற்றவர் எச்சரித்திருந்தார். ஓடிப்போய் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். லேசாகப் புகை வாடை அடித்தது. முதலாளி என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆத்திரத்தைவிட பயம்தான் அதிகம்.

வயர்களை மாற்றிச் சொருகி சுவிட்சைப் போட்டேன். பச்சைத் திரை இருட்டாகவே இருந்தது. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் குங்குமப் பொட்டுக்குக் கீழே மெல்ல எழுத்து தெரிந்தது. புரோகிராமை ஓட்டினேன். கலர் திரையில் 'திருமண அழைப்பிதழ்' என்று வந்தது, இரண்டு 'ழ'வும் வாலைச் சுருட்டிக்கொண்டு.

முதலாளி அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். உள்ளே போய்ப் பூஜைத் தட்டோடு வந்து, கலர் திரையின் வயர் எது என்று கேட்டார். காட்டினேன். அந்த வயரின் தலையிலும் அதன் சாக்கெட் பக்கத்திலும் குங்குமத்தை வைத்தார். மற்றதற்கு இரண்டு பக்கமும் சந்தனம்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"அடுத்த வருஷம் கழட்டி மாட்டும்போது குழம்பக்கூடாதுலா."

அடுத்த வருஷமா! அப்படியென்றால் மெஷின் திரும்பிப் போகாது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. நான் அந்தக் கெடுவை ஞாபகப்படுத்தவில்லை.