கட்டிலுக்கு அடியில் ஒரு துப்பாக்கி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். தங்கிய ரூம் அந்நகரின் ரூவி பகுதியில். துப்பாக்கிக் காயத்தோடு வருபவர்கள் குறைவுதான். ஆனால் அவர்களில் குழந்தைகளும் இருந்தது எங்கள் சர்ஜனை உறுத்தியது. சென்னைக்காரர். வீடுகளில் துப்பாக்கியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் தடுக்க வழி சொல்லலாம் என்று ஓர் ஆய்வு தொடங்கினார். பெயர் எழுதக் கூடாது, பதில் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்த பிறகே கேட்க வேண்டும். எனக்கு அரபி ஓரளவு வரும் என்பதால் கேட்கும் வேலை என்னிடம் வந்தது.

பல ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்குள் இருப்பதை அந்நியரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஒரு மதியம், தொடையில் குண்டு உரசிய சிறுமியைப் பெற்றோர் தூக்கி வந்தார்கள். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்றார் தகப்பன். அவர் வண்டியை நகர்த்தப் போன நேரத்தில், வாக்குக் கொடுத்துத் தாயிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். துப்பாக்கி கட்டிலுக்கு அடியில் எப்போதும் குண்டு போட்டே இருக்கிறது, கோபம் வந்தால் எடுத்து நீட்டுவார் என்றாள். யாரிடமும் சொல்லாதே, தெரிந்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சர்ஜனிடம் ஓடினேன்.

"போலீஸுக்குச் சொல்லிரலாமா டாக்டர்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "வாக்குக் குடுத்துக் கேட்டிருக்கோம் சிஸ்டர். நாம சொல்லிட்டா, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறது அந்த அம்மாதான். முதல்ல அவங்களையே கேளுங்க."

தாயிடம் கேட்டேன். போலீஸ் வேண்டவே வேண்டாம் என்றாள். கணவர் பயப்படுவது அவருடைய அண்ணன் ஒருவருக்குத்தான் என்று யோசித்துச் சொன்னாள். அவள் சம்மதத்தோடு டாக்டர் அந்த அண்ணனை வரவழைத்து, குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்று மட்டும் பேசினார். அண்ணன் அன்றே அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தையல் பிரிக்க, சிறுமியைத் தகப்பன் மட்டும் கூட்டி வந்தார். நான் நூலை வெட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என் வீட்டுல என்ன இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

குரல் உயரவே இல்லை. காயம் நன்றாக ஆறிவிட்டது என்றேன். அம்மா எங்கே என்று சிறுமியிடம் கேட்க நா எழுந்தது. கேட்டால் அதுவே அவருக்குப் பதிலாகிவிடும். அடக்கிக்கொண்டேன்.

அவர் அங்கிருந்து நேரே போய் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். ஆய்வு நின்றது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று நிர்வாகத்தினர் கேட்டார்கள். டாக்டர் பெயரில்லாத அந்தப் பதில் தாள்களைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அவர்கள் முன் போய் நின்றார்.

டியூட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஏதாவது கார் வேகம் குறைத்தால் அந்தத் தகப்பனோ என்று கடைக்குள் ஒதுங்கிக்கொள்வேன். அந்தத் தாயை அதன்பின் நான் பார்க்கவே இல்லை.