சாக்கடைக்குப் போட்ட கையெழுத்து

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பல் செட்டைக்கூட மாட்டவில்லை. காலிங் பெல்.

வாசலில் எங்கள் தெருச் சங்கத் தலைவர் பழனிசாமி. கூடவே பொருளாளர் முருகேசன். இருவர் முகத்திலும் சாவு வீட்டுக் களை.

"சார், நம்ம தெரு போச்சுங்க!" என்றார் பழனிசாமி, செருப்பைக் கழற்றும் முன்பே.

பதறிவிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சேலத்துக்குப் புது மாஸ்டர் பிளான் வரைவு வந்திருக்கிறது. அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் இதுவரை ஒரு மனைக்கு ஒரு வீடுதான். இனி அதே மனையில் பின்பக்கம் இன்னொரு சின்ன வீடு கட்டலாம். வரிசை வீடுகள் கட்டலாம். நாலு குடும்பம் இருக்கிற மாதிரி மாடி எழுப்பலாம். ஆட்சேபணை இருந்தால் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நீங்க எழுதுனாத்தான் ஆபீசர் படிப்பாருங்க. போன தடவை எழுதுனீங்களே... அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்."

போன தடவை!

இந்தப் பக்கத்தில் உங்களிடம் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதே என்று மாணவர்களிடம் தொண்டை கிழியக் கத்தியவன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவின் கடைசி மனையில் ரங்கநாதன் என்பவர் ஆறு சின்ன வீடுகள் கட்ட அனுமதி கேட்டார். நெசவுக் குடும்பம். அம்மாபேட்டையில் தறிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு படுத்துக் கிடந்த தம்பி தங்கைகளுக்காகக் கேட்டார்.

நான்தான் ஆட்சேபணை மனு எழுதினேன். 'அந்நியர் நடமாட்டம் பெருகும். பெண்கள் அச்சமின்றி வெளியே செல்ல இயலாது.' நல்ல தமிழ். ஆதாரம்? மருந்துக்கும் கிடையாது.

அதைவிட மோசம், கையெழுத்து. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு தெருவிளக்கு கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியிருந்தோம். மனு கொடுக்கும் முன்பே விளக்கு வந்துவிட்டது. கையெழுத்துத் தாள்கள் மிச்சம். விளக்கு கேட்ட மேல் பக்கத்தை உருவிவிட்டு என் மனுவை வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். அவ்வளவுதான்... வெளிச்சம் கேட்டவர்கள் எல்லாம் ரங்கநாதன் வேண்டாம் என்று சொன்னவர்கள் ஆனார்கள்.

அனுமதி கிடைக்கவில்லை. மனையை விற்றுவிட்டுப் போனார். போகிற அன்று என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வரேங்க சார்" என்றார். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!

சரி, இதை இப்போது எதற்குச் சொல்கிறேன்? கலைமணியால்.

எதிர்வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையும் சமையலறையுமாக ஒரு சின்ன வீடு. அனுமதி இல்லாமல் கட்டியது. அங்கே குடியிருக்கிறவள் கலைமணி. ஜலகண்டாபுரத்துப் பெண், ஏற்காடு ரோட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். அவளும் பத்தாவது படிக்கும் மகளும்தான். ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு வாடகைக்கு விடமாட்டோம் என்று ஊரே கதவைச் சாத்தியபோது கிடைத்த இடம். அதற்கும் மாநகராட்சியிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. புதுப் பிளான் வந்தால் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் — காலி செய்ய வேண்டியதுதான்.

"கையெழுத்து வாங்க வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

முருகேசன் ஃபைலைத் திறந்தார். "எதுக்குங்க அலையணும்? சாக்கடை அடைப்புக்கு வாங்குனது அப்படியே கெடக்குது. மேல தாளை மாத்திட்டா முடிஞ்சுது. நீங்க காட்டுன வழிதானுங்களே சார்!"

இருவரும் சிரித்தார்கள். நான் தாளைப் புரட்டினேன். ஒன்பதாவது பெயர், நீல மையில் — கலைமணி.

தன்னைக் காலி செய்யச் சொல்லித் தானே கேட்டவள் ஆகிவிடுவாள்.

அங்கேயே முடியாது என்றேனா? இல்லை. "பார்க்கலாம்" என்றேன். என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பழனிசாமியின் கார். பிள்ளைகள் வெளிநாட்டில். எழுபத்தாறு வயதில் தெருவைப் பகைத்துக்கொள்ள முடியுமா? பழைய மனு வெளியே வந்தால் என்ன ஆகும்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கலைமணி ஸ்கூட்டரை நிறுத்தும்போது போய் நின்றேன். பழையது, புதியது, இரண்டையும் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க சார், சாக்கடை நாறுதுன்னுதானே கையெழுத்துப் போட்டேன்? அதை வெச்சு என்னையே ஊட்டை உட்டுத் தொரத்துவீங்களா?"

"நான் எழுத மாட்டேம்மா. ஆனா அவங்ககிட்டச் சொல்லத்தான்... பயமா இருக்கு."

"உங்களுக்கா பயம்?" சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "புள்ளைக்குப் பப்ளிக் பரீட்சை வருதுங்க. நோட்டீஸ் வந்ததுல இருந்து அவ புஸ்தகத்தை அலமாரில அடுக்கறதே இல்ல. பெட்டியிலயே வெச்சுப் படிக்கறா. எப்பக் கெளம்பச் சொல்லுவாங்களோன்னு! நீங்க சொந்த ஊட்டுல உக்காந்துட்டுப் பயப்படறீங்க..."



மறுநாள் காலை பழனிசாமி வீட்டுக்குப் போய் முடியாது என்றேன். "அந்தத் தாளை வேற யார் பின் அடிச்சுக் குடுத்தாலும், அது சாக்கடைக்கு வாங்குனதுன்னு நான் எழுதிக் குடுத்துடுவேன்."

அவர் கோபப்படவில்லை. "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குங்க சார் இது? நாளைக்கே ஒரு அவசரம்னா யாரு வருவாங்க?" என்றார், ரொம்பப் பணிவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கிருந்து நேராக நகரத் திட்ட அலுவலகம். சொல்ல ஆரம்பித்தேன். கவுன்டரில் இருந்த பெண் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "எழுத்துல குடுங்க சார்."

எழுதினேன். பழைய மனு பொய், கையெழுத்துகள் தெருவிளக்குக்கு வாங்கியவை, எழுதியவன் நான். எங்கள் தெருவில் சின்ன வீடுகள் வரட்டும். கீழே ஒரே ஒரு கையெழுத்து.

"இது போதுமாம்மா?"

"பதிஞ்சுக்கறோம் சார். முடிவு மேலதான்."

முடிவு இன்னும் வரவில்லை. இரும்பு கேட் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பழனிசாமியின் கார் என்னைத் தாண்டிப் போகிறது, நிற்பதில்லை. கலைமணி இப்போதும் என்னிடம் சிரிப்பதில்லை.

நேற்று, அலுவலகத்தில் கொடுத்த மனு நகலை எடுத்துப் பார்த்தேன். வரிகள் எல்லாம் கோணல்மாணல்.

அன்றைக்குப் பொய்யை எழுதியபோது, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை!