பாதி திறந்த தாழ்ப்பாள்

நம்பாதவர்களை நம்ப வைப்பது என் வேலை இல்லை. ஆனால் இது நடந்தது. எங்கள் தெரு மருந்துக்கடை அக்காவுக்கு நடந்தது. இருமல் மருந்து கேட்டுப் போனால், "இதெல்லாம் சும்மா சர்க்கரைத் தண்ணி, வெந்நீரைக் குடிச்சிட்டுப் படு" என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்புகிறவள் அவள். இல்லாததைச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

இருந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவளுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. கண் அசந்தால் தெருவில் இறங்கி நடந்துவிடுவார். ஒருமுறை ஓடும் லாரிக்கு முன்னால் போய் நின்றார். கடையையும் பார்க்க வேண்டும், அவரையும் பார்க்க வேண்டும். உதவிக்கு வேறு ஆள் இல்லை. ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து அவர் அறைக்கதவின் வெளிப்பக்கம் பொருத்தினாள். காலையில் சாப்பாட்டையும் தண்ணீரையும் உள்ளே வைத்துவிட்டுத் தாழ் போடுவாள். மதியம் வந்து திறப்பாள். அவள் படியிறங்கும்போது அவர் கதவைத் தட்டுவார். விரலை மடக்கி அல்ல, உள்ளங்கையால். தப்... தப்... தப்... காதில் விழாத மாதிரி வேகமாக நடப்பாள்.

ஒரு மதியம் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே அவர் கதவோரமாகவே விழுந்து கிடந்தார். தள்ளிக்கொண்டு நுழைந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவதற்கு முன் அவள் செய்த முதல் காரியம், திருப்புளியை எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியதுதான்.

"உன்ன மாதிரி மக கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள் வந்தவர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கம் என்று நினைத்தார்கள்.

அதன் பிறகுதான் அவளுக்கு ஒரு வேகம் பிடித்தது. அப்பா எங்கே பிறந்தார், எந்த வீட்டில் வளர்ந்தார், எதுவுமே தெரியாது. அவர் வாய் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போதாவது தெரிந்துகொண்டால் செய்ததற்குக் கொஞ்சமாவது ஈடாகாதா? அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டாள். அத்தைக்குக் காது மந்தம். இரண்டு முறை கத்திக் கேட்ட பிறகு ஊர்ப்பெயரைச் சொன்னாள்.

"மரக்கடை வீடுன்னு கேளு. ஆனா அங்க என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் ஆறு கொண்டு போயிடுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

சின்ன ஊர். ஆற்றங்கரையில் இருந்த பழைய தானியக் கிடங்கை ஊர் வரலாற்றுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர்தான் அதைக் கவனித்துக்கொண்டார். ஆள் வந்ததே அவருக்குத் திருவிழா மாதிரி. எடைக்கற்கள், பள்ளிக்கூட மணி, படகுத் துடுப்பு என்று ஒன்று விடாமல் காட்டினார். சுவரில் அவர் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பெரிய வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம்.

அவள் மரக்கடை வீடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அந்த வீட்டுப் பேத்தியா நீங்க! வாங்க, உங்க வீடே இங்கதான் இருக்கு."

கூடத்தின் கடைசியில் ஒரு கதவு நின்றது. சுவர் இல்லை. நிலையோடு பெயர்த்தெடுத்து இரும்புத் தாங்கிகளில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

"தெருவே போச்சு. இது மட்டும் தப்பிச்சுது. தாழ்ப்பாதான் துருவேறி இறுகிக் கிடக்கு. நானும் எண்ணெய் விட்டுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது."

அவள் பார்வை அந்தத் தாழ்ப்பாளிலேயே நின்றது. வெளிப்பக்கம் இருந்தது. போட்டபடியே இருந்தது.

"உங்க தாத்தா போட்டோ ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. எதிர்லதான். ஒரு நிமிஷம்" என்று வாத்தியார் போய்விட்டார்.

நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே ஆறு வறண்டு கிடந்தது. மணல் கண்ணைக் கூச வைத்தது.

முதலில் வாடை வந்தது. ஈரச் சேற்றின் வாடை.

கீழே பார்த்தாள். கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பழுப்பாக... மெல்ல... அவள் செருப்பை நோக்கி.

கதவைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முன்பக்கம் வந்தாள். தண்ணீர் இப்போது கணுக்காலைத் தொட்டது. சில்லென்று.

தப்...

ஓரடி பின்வாங்கினாள்.

தப்... தப்...

உள்ளங்கை. அந்தச் சத்தத்தை அவள் மறப்பாளா? கடை வாசலில், பஸ்ஸில், தூக்கத்தில்... இத்தனை மாதமாகக் கேட்கிற சத்தம். இந்த முறை நடந்து போக அவளால் முடியவில்லை. பாய்ந்து போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

"அப்பா! இதோ திறக்கிறேன்... அப்பா, இதோ..."

தள்ளினாள். கிறீச்...

அசைந்தது. இன்னும் தள்ளினாள். பாதி வந்தது.

தட்டுவது நின்றது. உள்ளே யாரோ விசும்பினார்கள்.

கதவுக்கு அடியில் விரல்கள் வந்தன.

நான்கு விரல்கள். வெளுத்து... தண்ணீரில் ஊறிச் சுருங்கி...

மிகச் சின்ன விரல்கள்.

அப்பா இல்லை.

கையை விட்டாள்.

ஓடினாள்.

பின்னால் அந்தக் கை கதவை அறைந்தது. தப் தப் தப் தப்... தெருவுக்கு வந்த பிறகும் கேட்டது.

போட்டோவோடு வந்த வாத்தியார் அவளைப் பார்த்துப் பயந்துவிட்டார். மறுபடி உள்ளே கூட்டிப்போனார். தரை காய்ந்திருந்தது. அவள் செருப்பு காய்ந்திருந்தது. ஆனால் வாத்தியார் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தாழ்ப்பா பாதி வந்திருக்கே... நீங்களா தள்ளினீங்க?"

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அந்த வெள்ளத்துல நம்ம வீட்டுக் குழந்தை ஏதாவது செத்துப்போச்சா?"

"யாரும் சாகலையே. உங்கப்பன்தான் சாகப் பாத்தான்." அத்தையின் குரல் இறங்கியது. "அப்ப அவனுக்கு ஏழு வயசு. சேட்டை பண்ணான்னு எங்கம்மா ரூம்ல போட்டுத் தாழ்ப்பா போட்டுட்டா. திடீர்னு தண்ணி வந்துச்சு. இருட்டு... ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அவன் என்கூட இருக்கான்னு அம்மா நெனச்சா. நான் அம்மாகூடன்னு நெனச்சேன். விடிஞ்சு வந்து பாத்தா அந்த ரூம் மட்டும் இடியாம நின்னுச்சு, தாழ்ப்பா அசையல, ஓட்டைப் பிரிச்சோம். பரண்ல ஏறி உக்காந்திருந்தான். உயிரோட."

"அப்பா... ஏதாவது சொன்னாரா?"

"ஒரே பிதற்றல். தண்ணி ஏறுறப்ப வெளிய ஒரு பொம்பளை வந்தாளாம். தாழ்ப்பாளைத் தள்ளினாளாம். பாதியில விட்டுட்டு ஓடிட்டாளாம். ஊரே மேட்டுக்கு ஓடிப்போச்சு, அங்க ஏது பொம்பளை? அதுவும் அவனை 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டாளாம்! ஏழு வயசுப் பயலை எவ அப்பான்னு கூப்பிடுவா? அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி பண்ணுவோம்."

மருந்துக்கடை அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இதை ஏன் அத்தை என்கிட்ட யாருமே சொல்லல?"

"நான் சொல்லத்தான் இருந்தேன். அவன்தான் விடல. சின்ன வயசுல, அந்தக் குரல் எனக்கு மறக்கவே மறக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே திரிவான். நீ வளந்து பெரியவளானதும் ஒரு நாள் என்கிட்ட வந்து சத்தியம் வாங்கிக்கிட்டான். 'இதை அவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா, பாவம், தாங்க மாட்டா'ன்னான்."