அவர் தாண்டிப் போன அதிகாரம்

வேதாகமத்தில் சில அதிகாரங்கள் பிள்ளைகள் வாசிக்கத் தக்கவை அல்ல என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. கொலை, கூடாத உறவு, பழிவாங்கல் எல்லாம் வருகிறதாம். எங்கள் பத்து வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்காம். நான் நேர் எதிர்க்கட்சி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள். மனுஷருக்கு மனுஷர் என்னென்ன செய்வார்கள் என்பதைக் காயத்துக்குக் கட்டுப் போட்டே தெரிந்துகொண்டவள். எழுதவைத்த கடவுளுக்கே இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு என்று கேட்பேன். உனக்கு எல்லாவற்றிலும் விதண்டாவாதம்தான் என்று துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தினமும் உண்டு. அவருக்குச் சாமராஜநகரில் ஆபீஸ். பஸ் பிடித்து மைசூர் வந்து, அக்ரஹாரம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைய ஏழு ஏழரை ஆகிவிடும். அவர் குளித்துவிட்டு வந்ததும் பாய் விரித்து மூவரும் உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், முழங்கால் போட்டு ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிப்போம், வரிசையாக, ஒன்றும் விடாமல். விடாமல் என்பது பேருக்குத்தான். அவருக்கு ஒவ்வாத அதிகாரம் வந்தால் ஒன்றும் நடக்காததுபோல் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். பெண்ணுக்குக் கன்னடம்தான் சரளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவருக்குத் தைரியம்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவள் ஒரு மாதிரி ஆனாள். அதுவரை கேட் சத்தம் கேட்டால் போதும், செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி அப்பாவின் பையைப் பிடுங்குவாள். திடீரென்று அது நின்றது. அவர் வருகிற நேரம் பார்த்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நான் கதவைத் திறந்து, அவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் வெளியே வருவாள். வயிற்றுக்கோளாறோ என்று ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அதையும் குடித்தாள். அவருக்குத்தான் முகம் செத்துப்போனது. நான் ஏதாவது திட்டினேனா, நான் ஏதாவது திட்டினேனா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம்தான். ஒரு சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்ததும், பாட்டு ஆரம்பிக்குமுன், அப்பாவைக் கண்டால் உனக்கு என்னடி ஆகிறது, சொன்னால்தான் இன்றைக்குச் சாப்பாடு என்று பிடித்துக்கொண்டேன்.

அவள் பாயைப் பிராண்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பா ஒரு நாள் பத்தாம் அதிகாரம் எடுத்தார்; மறுநாள் பன்னிரண்டு. நடுவில் இருந்தது எங்கே போயிற்று என்று என் போனில் கன்னட வேதத்தைத் திறந்து தேடியிருக்கிறாள். அங்கே ஒரு படைத்தலைவன். சண்டையில் ஜெயித்தால், வீடு திரும்பும்போது வாசலில் எதிரே முதலில் வருவதைக் கடவுளுக்குப் பலியாகக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணுகிறான். ஜெயிக்கிறான். வாசலில் முதலில் ஓடி வருகிறவள் அவனுடைய ஒரே மகள். சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்று அழுகிறான். அழுதுவிட்டுக் கொடுத்தும் விடுகிறான்.

கதை எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு பொருத்தனை இருந்தது.

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். பிழைத்தால் இவளை உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு இவர் பொருத்தனை பண்ணினார். வளர்ந்ததும் சபை ஊழியத்துக்கு அனுப்புவேன் என்பதுதான் அர்த்தம். எங்கள் ஜனங்களில் நிறையப் பேர் செய்கிறதுதான். மருந்தும் கேட்டது, பிள்ளையும் பிழைத்தாள். அவள் பிறந்தநாளை ஒட்டி வருகிற ஞாயிறுதோறும் காணிக்கை போட்டுவிட்டு, சபைக்கு முன்னால் இவர் அதைச் சாட்சியாகச் சொல்லுவார். பெண் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். கர்த்தருக்குக் கொடுத்த பிள்ளை என்று ஆன்ட்டிமார் கன்னத்தைக் கிள்ளுவார்கள். கொடுப்பது என்றால் எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அந்த அதிகாரம் சொல்லிவிட்டது. என் கட்சியும் அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவள் அதைத் தனியாக உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டாம் என்பது மட்டும் நிச்சயம்.

"சண்டே கிளாஸ்ல ஒரு பையனோட கதை சொன்னாங்கப்பா," என்றாள். "அவங்கப்பா கத்தியைத் தூக்கினப்போ தேவதூதன் வந்து நிறுத்திட்டான். இந்தப் பொண்ணுக்கு மட்டும் யாருமே வரலை. யாக்கே? ஏன் வரலை?"

அது அந்தக் காலம், உன்னை நான் சொன்னது ஊழியத்துக்கு, அது வேறு இது வேறு என்று அவர் என்னென்னவோ விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ நீங்க சொன்னதைத் திருப்பி வாங்கிக்குவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய பயம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார். அதைத் திரும்ப எடுத்தால் கூடவே எது போகுமோ? பிழைக்கவைத்தது டாக்டர் கொடுத்த மருந்து என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், காதில் ஏறாது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பதில் அவளுக்கு அவர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டும் இல்லை, வாசிப்பும் இல்லை. அவர் முழங்கால் போட்டார். நாங்களும் போட்டோம். வழக்கமாக அவர் ஜெபம் நீளம். பால்காரர் முதல் மந்திரி வரை எல்லோரும் அதில் வந்துபோவார்கள். அன்றைக்கு நாலே வரி.

"ஆண்டவரே, பிள்ளையை உமக்குக் கொடுத்துட்டேன்னு சொன்னது நான். அவளைக் கேக்காம சொன்னேன். அந்த வார்த்தையை இப்போ திருப்பி வாங்கிக்கிறேன். கோபம்னா என்மேல வையும்."

ஆமென் என்று முதலில் சொன்னவள் அவள்தான், நல்ல சத்தமாக.

எழுந்ததும் அவர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. கையை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. டாக்டர், மருந்து என்று வாய் கிழியப் பேசுகிற நானும் பக்கத்தில் போய் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.