ஏழாம் பெட்டின் தலைமாட்டில் பேசியது

புனேயில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற தமிழ் நர்சுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோயாளியிடம் இந்தியில் ஆறுதல் சொல்வோம். அவர் தலைமாட்டிலேயே நின்று எங்களுக்குள் தமிழில் உண்மையைப் பேசிக்கொள்வோம். யாருக்கும் புரியாது என்ற திமிர்தான்.

ஏழாம் பெட்டில் இருந்தவர் புனேயை ஒட்டிய நிக்டிக்காரர், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயில் குழாய், மூச்சு வென்டிலேட்டரில். பார்க்க வரும் மனைவியும் மகளும் மராத்தியில்தான் பேசினார்கள். குழாய் இருப்பதால்தான் குரல் வரவில்லை, எடுத்ததும் பேசலாம், பயப்படாதீர்கள் என்று தினமும் அவர் கையைப் பிடித்து இந்தியில் சொல்வேன். நன்றாகவே சொல்வேன்.

ஒரு காலை விரிப்பு மாற்றும்போது, எதிரே நின்ற என் ஊர்த் தோழியிடம் சொன்னேன்.

"ஏழாம் பெட்டு தேறாதுட்டி. மிஷின எடுத்தா ஒரு நாள் தாங்காது."

அவர் கண்ணை மூடியிருந்தார்.

நான் சொன்னது தப்பு. அவர் தேறிக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் மிஷினின் உதவியைக் குறைத்து, அவராக மூச்சுவிடப் பழக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் குறைத்த உடனே அவர் பதறித் தலையை ஆட்டினார். மூன்று நாள் இதே கதை. நாள் போகப் போக நெஞ்சில் சளி கட்டும், குழாயை எடுப்பதே கஷ்டமாகிவிடும். எரிச்சலில் எழுதும் பலகையை நீட்டி, என்னதான் பிரச்சினை என்று இந்தியில் கேட்டேன்.

தமிழில் எழுதினார்: "தேறாதுன்னு நீதானம்மா சொன்னே."

மனைவிதான் மராத்தி, அவர் தமிழர் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "தெரியாம சொல்லிட்டேன் சார். நல்லாயிட்டு வருதுன்னுதான் டாக்டர் சொல்லுதாரு" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்படி நம்புவார்?

தலைமை நர்சிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மராத்திக்காரரான தலைமை நர்சே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "காக்கா, ஷ்வாஸ் க்யா" என்று மெதுவாகச் சொன்னார். பெரியவரே, மூச்சை இழுங்கள் என்று அர்த்தம். அவர் இழுத்தார். அன்று பத்து நிமிடம், மறுநாள் ஒரு மணி நேரம். அந்த வாரமே குழாயை எடுத்துவிட்டார்கள்.

நான் அப்போது அங்கே இல்லை. என் குரல் கேட்டாலே அவருக்குப் படபடப்பு ஏறுகிறது என்று என்னை வேறு பெட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.